மலிவுத் தொகுப்புகளில் பழைய இசைத்தட்டுகள்: காதால் சோதிக்கும் முறை

நாதசுர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை வாசித்த ஒரே தோடி ராகம் இரண்டு மலிவுத் தொகுப்புகளில் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் தொடக்கம் முதல் கடைசிவரை சட்டியில் எண்ணெய் காய்வது போல ஓர் இரைச்சல், நடுநடுவே 'டிக், டிக்'. இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. ஆழ்ந்த நிசப்தம், அதற்குள் நாதசுரம் மட்டும். கடையில் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். பெரும்பாலும் அதுதான் பிழையான தெரிவு.

அரக்கால் செய்த பழைய 78 சுற்றுத் தட்டின் இரைச்சல் கீழ்ச்சுருதியிலிருந்து மேல்வரை பரவிக் கிடந்தாலும், காதைக் குத்துவது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி. நாதசுரச் சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் நாணல் நாக்கின்) கூர், வயலின் வில்லின் உரசல், தம்புராவின் ஜீவாளி ரீங்காரம், தவிலின் வலந்தலையில் விரற்கூடு படும் 'டிண்', 'ச', 'ஸ' என்ற மெய்யெழுத்துகளின் ஊதல் எல்லாம் குடியிருப்பதும் அதே இடத்தில்தான். ஒன்றைத் துரத்தினால் மற்றதும் கூடப் போகும். ஆகவே இரைச்சலைக் குறையாக எண்ணாமல் சாட்சியாக எண்ணிக் கேட்கப் பழக வேண்டும். தட்டு எப்படிச் சுழன்றது, எந்த ஊசி ஓடியது, யார் எங்கே கை வைத்தார் என்பதையெல்லாம் இசையை விட இரைச்சலே தெளிவாகச் சொல்லும்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய தொகுப்புகள் இரண்டு வழியாக வருகின்றன. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் முளைக்கிற தெருக்கடைகளில் '200 பாட்டு ஒரே தட்டில்' என்ற எம்.பி.3 இறுவட்டுகள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற உறவினரின் பயணப்பெட்டியில் பத்து இறுவட்டு கொண்ட மேலைத்தேய செவ்வியல் தொகுப்புகள். இரண்டாவது வகை ஏன் அவ்வளவு மலிவு என்றால், ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமைக் காலம் 2013 வரை 50 ஆண்டாக இருந்தது. 2013 இல் அதை 70 ஆக நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு அது பொருந்தவில்லை. எனவே 1962 முடிவதற்குள் வெளிவந்தவற்றை அங்கே யாரும் அச்சிட்டு விற்கலாம். கஸால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிந்த பாஹ் செலோ தொகுதிகளும், ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை பதிந்த பேத்தோவன் பியானோ சொனாட்டாக்களும் எத்தனையோ பெட்டிகளில் எத்தனையோ விதமான ஒலியில் வருவது அதனால்தான். மூலத் தட்டு ஒன்று, அதை இறுவட்டுக்கு மாற்றியவர்கள் பலர். உறையின் பின்புறத்தில் மாற்றியவரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாக்ஸோஸின் பழம்பதிவு வரிசையில் மார்க் ஒபர்ட்-தோர்ன், வார்ட் மார்ஸ்டன் போன்றோரின் பெயர் அச்சாகியிருக்கும். பெயர் போட்டவர் பொறுப்பும் ஏற்றவர். கர்நாடக இசைத் தொகுப்புகளில் அந்தப் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே நமக்குக் காதுதான் துணை.

எந்தக் காலத்துப் பதிவிலே எதை எதிர்பார்ப்பது?

1902 இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பனியின் கய்ஸ்பெர்க் முதன்முதல் பதிந்தபோதும் அதற்குப் பின் ஏறத்தாழ 1925 வரையும் ஒலிவாங்கி கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் பாடுவார். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் வெட்டும். அதில் அகப்படுவது ஏறத்தாழ 150 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) அதில் இராது. 'ஸ' என்ற ஊதலும் இராது. அப்படியொரு பதிவு மலிவுப் பெட்டியில் 'கும், கும்' என்று கீழ்ச்சத்தத்தோடு வந்தால் அது மிருதங்கம் அல்ல. தட்டுச் சுழற்றியின் உறுமலை யாரோ தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

மின்பதிவு வந்தபின் எல்லை 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. பின்னர் இன்னும் மேலே போனது. இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் 1960கள் வரை அச்சாகின. அதனால் '78' என்பதை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. ஒலிநாடாவிலே பதிந்து பிறகு 78 இல் வெட்டிய பிற்காலத் தட்டு நல்ல தெளிவோடு இருக்க வேண்டும். அதுவும் பழைய தட்டுப் போல மூக்கடைத்துக் கேட்டால் பிழை மாற்றியவருடையது, காலத்தினுடையது அல்ல.

சுருதி

மலிவுத் தொகுப்புகளில் அதிகம் கெட்டுப்போவதும், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். 'நிமிடத்துக்கு 78 சுற்று' என்று உறையில் எழுதியிருந்தாலும் பழைய தட்டுகள் 70 க்கும் 82 க்கும் இடையில் எந்த வேகத்திலும் பதியப்பட்டிருக்கலாம். ஒரு அரைக்கட்டை ஏற வேகம் ஏறத்தாழ 6% கூடினால் போதும். 78 இல் ஓட வேண்டியது 82.6 இல் ஓடினால் அரைக்கட்டை ஏறிவிடும், 73.6 இல் ஓடினால் அரைக்கட்டை இறங்கிவிடும். அரைக்கட்டை ஏறினால் 3 நிமிடம் 15 செக்கன் ஓட வேண்டிய பக்கம் 3 நிமிடம் 4 செக்கனில் முடிந்துவிடும். நேரம் குறைவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் கமகம் பதறும், குரல் சிறுக்கும், 'ஆ' என்ற அகாரம் மெலியும். பெரிய ஆளின் குரல் பதினெட்டு வயதுப் பொடியனின் குரல் போல வரும்.

சோதிக்க ஒரு சுருதிப்பெட்டி போதும், கைத்தொலைபேசிச் செயலியும் போதும். ஸட்ஜம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவே, எந்தச் சுருதியிலும் ஒட்டாமல் தொங்கினால் சந்தேகம் கொள்ளுங்கள். குரல், நாதசுரம் என்றால் இது திட்டவட்டமான சான்று அல்ல, ஏனென்றால் அவர்கள் எங்கேயும் சுருதி வைக்கலாம். ஆர்மோனியம் சேர்ந்த நாடகப்பாடல் தட்டுகளில் இந்தச் சோதனைக்குக் கூடுதல் வலு. ஆர்மோனியத்தின் நாக்கு தொழிற்சாலையில் கட்டியபடிதான் பேசும்.

நாதசுரத்தில் வாத்தியத்தின் வகை உதவும். குட்டையான திமிரி உயர்ந்த சுருதி. நீண்ட பாரி தாழ்ந்த சுருதி. பாரியைப் பரவலாக்கியவர் என்று ராஜரத்தினம் பிள்ளையைச் சொல்வார்கள். அவருடைய பிற்காலப் பதிவு ஒன்று திமிரி போலக் கிறீச்சிட்டால் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. கிட்டப்பா 1933 இல் 27 வயதில் மறைந்தவர், உண்மையிலேயே மிக உயர்ந்த சுருதியில் பாடியவர். (அவரும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து மேடையேறத் தொடங்கியது இலங்கையில் என்பது நமக்கு ஒரு தனிச் சொந்தம்.) அந்த உயரத்தை நம்பாமல் வேகத்தைக் குறைத்து 'சரிசெய்த' பிரதிகள் கிடைத்தால் தாளம் தளர்ந்திருப்பதைக் கேளுங்கள். ஆர்மோனியத்தின் ஒலி கனத்து இருமுவது போல இருக்கும். அப்போது திருத்தியதுதான் பிழை.

இன்னும் உறுதியான ஒரு வழி உண்டு. மின்பதிவுத் தட்டுகள் சிலவற்றில் பதிவுக்கூடத்து மின்சாரத்தின் 'ம்ம்' என்ற முனகல் மெல்லியதாகப் பதிந்திருக்கும். இந்தியாவிலும் இங்கேயும் அது 50 ஹெர்ட்ஸ். கணினியில் அலைவெண் வரைபடம் போட்டுப் பார்க்கும்போது முனகல் 52 இல் நின்றால் தட்டு 4% வேகமாக ஓடியிருக்கிறது. சரியாக 50 இல் நின்றால் அவசரப்பட வேண்டாம். வேகம் சரியாகவும் இருக்கலாம், அல்லது அந்த முனகல் மாற்றியவருடைய சொந்த இயந்திரத்தின் முனகலாகவும் இருக்கலாம்.

ஆலாபனை இரண்டு, நான்கு பக்கங்களுக்கு நீளும்போது இணைப்பிடத்தை வடிவாகக் கேளுங்கள். முதற்பக்கத்தின் கடைசி ஸட்ஜத்தையும் அடுத்த பக்கத்தின் முதல் ஸட்ஜத்தையும் மாறிமாறி ஓடவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். பொறுப்பான ஆள் பக்கத்துக்குப் பக்கம் வேகத்தைத் திருத்தியிருப்பார்.

நீண்ட கார்வை, அதாவது ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடம், இன்னொரு உரைகல். தட்டின் நடுத்துளை நடுவில் இல்லாவிட்டால் சுருதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்கும். 78 சுற்று என்றால் செக்கனுக்கு 1.3 தடவை. எல்.பி. (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நெடுந்தட்டு) என்றால் 1.8 செக்கனுக்கு ஒருமுறை. பாடகரின் அசைவு இவ்வளவு ஒழுங்காக வராது. ஒழுங்காக வந்தால் அது தட்டின் ஆட்டம். துளையைச் சற்று அகலித்துத் தட்டை நகர்த்தி வைத்து மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த ஐந்து நிமிட வேலையை விட்டவர் மற்ற வேலைகளையும் விட்டிருப்பார்.

ஊசியும் சமன்பாடும்

78 இன் தடம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 3 மில், அதாவது 76 மைக்ரோன் நுனியுள்ள ஊசி வேண்டும். எல்.பி. ஊசி 1 மில் அல்லது அதற்கும் குறைவு. வீட்டுச் சுழற்றியில் இருந்த எல்.பி. ஊசியாலேயே 78 ஐ ஓட்டினால் நுனி தடத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையில் புரண்டு போகும். கேட்கும்போது மணலில் சைக்கிள் உருளும் சத்தம். அந்தத் தொகுப்பை வைத்துவிட்டு வரலாம்.

இரண்டாவது, சமன்பாட்டுப் பிழை. சமன்பாடு என்றால் இங்கே கீழ்ச்சத்தம், மேற்சத்தம் இரண்டின் அளவையும் சமப்படுத்துவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்கிறவரே திருத்திக்கொள்ளலாம். தட்டு வெட்டும்போது கீழ்ச்சத்தத்தைக் குறைத்து வெட்டுவார்கள், ஓட்டும்போது அதே அளவு கூட்ட வேண்டும். ஹெச்.எம்.வி., கொலம்பியா மின்பதிவு 78களில் அந்தக் குறைப்பு ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸிலிருந்து கீழே. மேற்பகுதியைத் தூக்கும் வழக்கம் அவற்றில் இல்லை. 1950களின் நடுவில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் அமைப்பு) சமன்பாடோ 500 ஹெர்ட்ஸிலிருந்து கீழே கூட்டும், மேலே 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் குறைக்கும். இன்று கடையில் கிடைக்கும் தட்டு முன்பெருக்கிகள் பெரும்பாலும் இதற்கென்றே கட்டியவை. 78 ஐ அதிலே ஓட்டி அப்படியே இறுவட்டாக்கினால் கீழே தடிப்பு, மேலே மூடிய வாய். கம்பளிக்குள் இருந்து பாடுவது போல.

அப்படி ஒரு தொகுப்பு அகப்பட்டால் வருந்தாதீர்கள். மேற்பகுதி குறைந்திருக்கிறது, அழியவில்லை. சமனாக்கியில் (ஈக்வலைசரில்) 2,000 ஹெர்ட்ஸில் 2.6, 4,000 இல் 6.6, 8,000 இல் 11.9 டெசிபெல் என்று படிப்படியாகத் தூக்குங்கள். 500 க்குக் கீழே படிப்படியாக 6 டெசிபெல் வரை இறக்குங்கள். இரைச்சலும் கூடவே எழும், எழட்டும். அதற்குள்ளிருந்து சீவாளி வெளியே வந்தால் சரி. இரைச்சல் மட்டும் எழுந்து சீவாளி வராவிட்டால் அங்கே எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தேய்ந்த தட்டை மட்டும் எதுவும் காப்பாற்றாது. உருக்கு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டிய காலத்தில் ஒரே ஊசியால் இருபது பக்கம் ஓட்டிய தட்டுகள் கனக்க உண்டு. தாரஸ்தாயியில் உரத்துப் பிடிக்கும் இடத்தில் 'கரகர' என்று கிழிவது அந்தத் தேய்வு. எனவே எந்தத் தொகுப்பிலும் மிக உரத்த, மிக உயர்ந்த சங்கதியைத் தேடிக் கேளுங்கள். மென்மையான இடம் எந்தத் தட்டிலும் நன்றாகத்தான் இருக்கும்.

சுத்தம் செய்தவர் கை எங்கே பட்டது

'டிக்' நீக்குவதும் இரைச்சல் குறைப்பதும் வேறு வேறு வேலை. முதலாவது அளவாகச் செய்தால் பெரும் நன்மை. ஆனால் மென்பொருளுக்கு விரிசல் சத்தமும் இசையின் கூர்மையும் ஒன்றுபோலத் தெரியும். பித்தளை ஊதுகருவிகளின் அலையைச் சொடுக்கு என்று எண்ணி மழித்துவிடுவது மேலைநாட்டுப் பதிவுகளில் அறிந்த சிக்கல். நாதசுரத்தின் அலையும் அதே போல முனை கூரானது. தவில் தனியைக் கேளுங்கள். குச்சி விழும் அடி 'தட்' என்று முடியாமல் 'தப்' என்று அமுங்கினால், விரற்கூட்டின் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நீக்கியை எல்லை மீறி முடுக்கியிருக்கிறார்கள்.

இரைச்சல் குறைப்பின் கெடுதல் நுட்பமானது. முதல் சுரம் எழுவதற்கு முன்னுள்ள இரண்டு செக்கனைக் கேளுங்கள். நிசப்தம். சுரம் எழுகிறது, கூடவே இரைச்சலும் எழுகிறது. சுரம் ஓய்கிறது, இரைச்சலும் ஓய்கிறது. இப்படி இரைச்சல் இசையோடு மூச்சுவிட்டால் தானியங்கிக் கதவு ஒன்று திறந்து மூடுகிறது என்று பொருள். அடுத்தது வால். கார்வை முடிந்து ஒலி தேயும்போது இயல்பாகக் கரையாமல் கத்தியால் வெட்டியது போல நின்றால் தம்புராவையும் வெட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, பின்னணியில் குருவிக்குஞ்சு கீச்சிடுவது போல, தண்ணீர் கொப்புளிப்பது போல ஒரு சத்தம். அது எந்தத் தட்டிலும் இருந்ததல்ல, கணினி பெற்ற பிள்ளை. தொடர்ந்து சீராக ஓடும் இரைச்சலைக் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும், மாரியில் ஓட்டில் பெய்யும் மழையை மறப்பது போல. இந்தக் கொப்புளிப்பை மறக்கவே மறக்காது.

பழைய கூடங்கள் ஒலி உறிஞ்சும் துணி தொங்கிய வறண்ட அறைகள். அதற்கு மேலே கோயில் மண்டபம் போல எதிரொலி பூசியிருந்தால் தனி முடிந்து வாத்தியம் நிற்கும் இடத்தில் அது வாலாட்டும்.

பெட்டி '1938, ஸ்டீரியோ' என்று சொன்னால் பொய். ஸ்டீரியோ இசைத்தட்டுக் கடைக்கு வந்தது 1950களின் கடைசியில். ஒரு காதுக்குக் கொஞ்சம் பிந்தி அனுப்பியோ, கீழ்ச்சத்தத்தை ஒரு பக்கமும் மேற்சத்தத்தை மறுபக்கமும் ஒதுக்கியோ செய்யும் வித்தை அது. ஔடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் சோதிக்கலாம். இடது, வலது இரண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள், ஒன்றைத் தலைகீழாக்குங்கள், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். எல்லாமே மறைந்தால் ஒழுங்கான ஒற்றைத்தடப் பதிவு. இசை மறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சினால் ஸ்டீரியோ ஊசியால் எடுத்து ஒன்றாக்காமல் விட்டிருக்கிறார்கள். நீங்களே இரு தடத்தையும் தலைகீழாக்காமல் சேர்த்தால் இரைச்சல் 3 டெசிபெல் அளவில் குறையும், காசில்லாத லாபம். இசையே மிஞ்சிக் குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் அது போலி ஸ்டீரியோ.

எம்.பி.3 கணக்கு

இதற்குக் கடையிலேயே நின்று கணக்குப் பார்க்கலாம். 3 நிமிடம் 15 செக்கன் பாட்டு செக்கனுக்கு 128 கிலோபிட்டில் ஏறத்தாழ 3.1 மெகாபைட், 320 இல் 7.8, அமுக்காத இறுவட்டு வடிவில் 34. ஒரு தட்டு 700 மெகாபைட். அத்தகைய பாட்டு 200 ஐ அதற்குள் அடைக்க வேண்டுமானால் 150 கிலோபிட்டுக்கு மேல் கொடுக்கவே இடமில்லை. எனவே உறையில் 200 என்று கண்டால் உள்ளே பெரும்பாலும் 128 தான். பழைய பதிவுதானே, 128 போதும் என்பது தப்பான எண்ணம். இரைச்சல் ஒழுங்கற்றது. ஒழுங்கற்றதை அமுக்குவதுதான் எம்.பி.3 க்கு ஆகக் கடினம். இருக்கிற பிட்டையெல்லாம் இரைச்சல் தின்ன, இசைக்கு மிச்சம் வராது.

எம்.பி.3 ஐ மறுபடி விரித்துச் சாதாரண இறுவட்டாகவும் விற்பார்கள். நிறமாலைப் படத்தில் 22,000 ஹெர்ட்ஸ் வரை விரித்துப் பாருங்கள். தட்டில் இசை 8,000, 10,000 ஓடு நின்றாலும் அரக்கின் இரைச்சல் உச்சிவரை போகும். 16,000 இல் கோடு போட்டது போல வெட்டுண்டு மேலே கருமையாக இருந்தால் இடையில் ஒரு 128 கிலோபிட் வாழ்வு இருந்திருக்கிறது. இங்கும் சாட்சி இரைச்சல்தான்.

கேட்கும் கருவி பற்றி இரண்டே வார்த்தை. கடைக்காரரின் ஒலிபெருக்கியில் கீழ்ச்சத்தம் முழுக்கத் தூக்கியிருக்கும், அதை நம்ப வேண்டாம். கம்பியுள்ள ஹெட்போன் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்தாமல் முடிவெடுக்கவே கூடாது. சற்று உரத்தது எப்போதும் திறமானதாகவே தோன்றும்.

நம்மூர்ப் பதிவுகள்

யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில், அளவெட்டி பத்மநாதனின் நாதசுரம் என்று நம்மிடம் உலவுபவற்றில் பல கச்சேரியில் ஒலிநாடாவில் எடுத்தவை, பிரதியின் பிரதிகள். அவற்றை 78 இன் அளவுகோலால் அளக்க முடியாது. இங்கே 'டிக்' இல்லை, சீரான 'ஸ்ஸ்' உண்டு. மேற்பகுதி மங்கியிருந்தால் பெரும்பாலும் ஒலிநாடாத் தலையின் சாய்வு பிழைத்திருக்கிறது. இறுவட்டாக்கிய பின் அதைத் திருத்துவது இயலாது. மூல ஒலிநாடா கிடைத்தால் தலையின் சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, தவிலின் கூட்டு ஒலி ஆகக் கூராகும் இடத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கலாம்.

சுருதி கச்சேரி நடுவில் மெல்ல மெல்ல ஏறினால் பதிந்த கருவியின் பற்றரி சோர்ந்துகொண்டு வந்திருக்கிறது. பதியும்போது மெதுவாக ஓடிய நாடா, ஒழுங்கான வேகத்தில் ஓட்டும்போது ஏறிக் கேட்கும். 1990களில் மின்சாரமில்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. அந்த நாட்களில் எடுத்த பிரதி என்றால் வேகம் ஏறி இறங்கியே இருக்கும். இது முழுக்கத் திருத்தக்கூடிய குறை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு இடமாக ஸட்ஜத்தைக் குறித்து, வேகத்தைப் படிப்படியாக மாற்றும் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவரலாம். வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொடாதீர்கள். அது தவிலின் ஒரு அடியை இரண்டாக்கும்.

வேகம், சமன்பாடு, ஒன்றாக்காத இரு தடம் ஆகியவை வீட்டிலேயே தீரும். தேய்வு, மிகை நீக்கம், 128 கிலோபிட் ஆகியவை தீரா. வாங்கியதும் ஒவ்வொரு தட்டாகக் கேட்டு, உறையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்: 'பக்கம் 3, 4: வேகம் 3% குறைக்க. 2,000 க்கு மேல் தூக்க. தடம் சேர்க்க.' மூலக் கோப்பை மாற்றாமல் அப்படியே ஒரு பிரதி ஒதுக்குங்கள். மாரிக்கால ஈரத்தில் எரித்த இறுவட்டுகள் விளிம்பிலிருந்து கெடத் தொடங்கும், ஆகவே வாங்கிய கிழமையே கணினிக்கு ஏற்றிவிடுங்கள்.